பில்லி என்னும் பொடியன்

மேலைநாட்டுக் கௌபாய்ப் படம் ஒன்றேனும் பாராத மாணவர் நம்மிடையே இருத்தல் அரிது. புழுதி பறக்கும் ஒரு தெரு. இருபுறமும் பலகை வீடுகள். நடுவே ஒரு மதுக்கடை. ஒரு பக்கம் மாட்டுப் பண்ணைக்காரர், மறுபக்கம் கொள்ளைக்காரர். முடிவில் துப்பாக்கிச் சண்டை. நம் தமிழ்த் திரையிலும் ஜெய்சங்கர் அவ்வுடையில் குதிரையேறி வந்ததுண்டு. கதை எங்கே போய் முடியும் என்பது முதற் காட்சியிலேயே தெரிந்துவிடும். ஆயினும் கடைசி வரை இருந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டை ஒட்டி இத்தகைய படங்களைச் சிக்கனமாக எடுத்துத் தள்ளிய சிறு நிறுவனங்கள் பல இருந்தன. அவற்றுள் ஒன்று புரொடியூசர்ஸ் ரிலீசிங் கார்ப்பரேஷன். ஒரு மணி நேரத்தில் ஓடி முடியும் படங்கள். அதே குன்று, அதே தெரு, அதே குதிரைகள். அந்நிறுவனம் 1940இல் பாப் ஸ்டீல் என்ற நடிகரையும், அடுத்த ஆண்டு முதல் பஸ்டர் கிராப் என்ற நடிகரையும் வைத்து ஒரு படவரிசை எடுத்தது. அதன் நாயகன் பெயர் பில்லி தி கிட். தமிழில் சொன்னால் பொடியன் பில்லி. செய்யாத குற்றத்திற்காகத் துரத்தப்படும் நல்லவன். ஏழைப் பண்ணைக்காரரைக் கொடியவர்களிடமிருந்து காப்பவன். 1943இல் நிறுவனத்தார் நாயகனின் பெயரைப் பில்லி கார்சன் என்று மாற்றினர். நடிகர் மாறவில்லை, குதிரை மாறவில்லை, கதையும் மாறவில்லை. பெயரை எடுத்துவிட்டாலும் குறைவு ஏதும் நேராத அளவுக்கு அந்தப் படங்களுக்கும் அந்தப் பெயருக்கு உரியவனுக்கும் தொடர்பு அற்றுப் போயிருந்தது.

அந்தப் பெயருக்கு உரியவன் உண்மையில் வாழ்ந்தவன். ஏறத்தாழ இருபத்தொரு வயதில், 1881இல் சுடப்பட்டு இறந்தவன். அவன் கதையைப் பதிவேடுகளில் உள்ளபடி அறிந்துகொண்டால், சட்டத்துக்குப் புறம்பானவன் என்ற பட்டத்தை யார், யாருக்கு, எப்போது சூட்டுகிறார்கள் என்ற கேள்வி நம் உள்ளத்தில் எழாமற் போகாது.

தாயும் மகனும்

அவனுடைய இயற்பெயர் ஹென்றி மக்கார்ட்டி. தாய் கேதரின் அயர்லாந்து நாட்டவள். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த எண்ணற்ற ஏழைகளுள் ஒருத்தி. கணவன் துணையின்றி ஹென்றி, ஜோசப் என்னும் இரு மகன்களையும் வளர்த்தாள். இண்டியானாபொலிஸ் நகரில் சில காலம். பின்னர்க் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில் சலவைக்கடை நடத்திச் சில காலம். எலும்புருக்கி நோய் அவளைப் பற்றியது. வறண்ட காற்று அந்நோய்க்கு நல்லது என்று அக்காலத்தில் நம்பினர். ஆகவே மேலும் மேற்கே, நியூ மெக்சிகோவுக்குப் பயணமானாள். 1873 மார்ச் 1ஆம் நாள் சான்டா ஃபே நகரில் வில்லியம் ஆன்ட்ரிம் என்பவரை மணந்தாள். மகன்கள் இருவரும் அத்திருமணத்திற்குச் சாட்சிகள். குடும்பம் சில்வர் சிட்டி என்னும் சுரங்க ஊரில் குடியேறியது. அடுத்த ஆண்டே, 1874 செப்டம்பர் 16ஆம் நாள், கேதரின் இறந்தாள்.

சிற்றப்பன் பிள்ளைகளைக் கவனிக்கவில்லை. பதினைந்து வயதளவிலான ஹென்றி, தங்குமிடங்களில் எடுபிடி வேலை செய்து வயிறு வளர்த்தான். 1875இல் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து சீனர் ஒருவரின் சலவைக்கடையில் துணி திருடிய குற்றத்திற்காகச் சிறையில் அடைக்கப்பட்டான். இரண்டே நாளில் அந்த மெலிந்த சிறுவன் புகைபோக்கி வழியே ஏறித் தப்பினான். சிறிது காலம் தண்டனை பெற்று வீடு திரும்பியிருக்க வேண்டிய பையன், தேடப்படும் குற்றவாளியாக அரிசோனாவுக்கு ஓடினான். அங்கே 1877 ஆகஸ்டில் ஒரு கொல்லர் அவனோடு வாய்ச்சண்டையிட்டுக் கீழே தள்ளி அழுத்தினார். சிறுவனின் கைத்துப்பாக்கி வெடித்தது. கொல்லர் மறுநாள் இறந்தார். ஹென்றி மீண்டும் நியூ மெக்சிகோவுக்கு ஓடினான். வில்லியம் போனி என்று பெயரை மாற்றிக்கொண்டான்.

அவனிடம் ஒரு நற்பண்பு இருந்ததை அவனை அறிந்தோர் பலரும் குறித்துள்ளனர். அப்பகுதி 1848இல்தான் மெக்சிகோவிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு வந்தது. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசினர். புதிதாக வந்த வெள்ளையர் பலர் அவர்களைத் தாழ்வாகவே நடத்தினர். போனியோ அவர்கள் மொழியைச் சரளமாகப் பேசினான். அவர்கள் வீட்டில் உண்டான். அவர்களோடு ஆடிப் பாடினான். பிற்காலத்தில் அவன் ஒளிய இடம் தேடியபோதெல்லாம் கதவு திறந்தவர்கள் அம்மக்களே. வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு, மொழி எவ்வளவு பெரிய அடைக்கலம் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்காரர் நடத்திய போர்

படங்களில் பண்ணைக்காரரும் கொள்ளைக்காரரும் மாட்டுக்காகச் சண்டையிடுவர். போனி சிக்கிக்கொண்ட லிங்கன் மாவட்டப் போரின் வேர் மாட்டில் மட்டும் இல்லை. கணக்குப் புத்தகத்தில் இருந்தது.

லிங்கன் மாவட்டம் அப்போது ஏறக்குறைய நம் தமிழ்நாட்டில் பாதி அளவு பரந்து கிடந்தது. ஊர்களோ சில, மக்களோ சொற்பம். லாரன்ஸ் மர்ஃபி, ஜேம்ஸ் டோலன் என்ற இருவரின் கடையே அங்குப் பெருங்கடை. அக்கம்பக்கத்தார் அதனை வீடு என்ற ஒரே சொல்லால் குறித்தனர். ஸ்டான்டன் கோட்டைப் படைவீரருக்கும், மெஸ்கலேரோ அப்பாச்சிப் பழங்குடியினருக்கும் அரசு அளிக்கும் இறைச்சியையும் மாவையும் வழங்கும் குத்தகை அவர்கள் கையில் இருந்தது. சிறு குடியானவர் கடனுக்குப் பொருள் வாங்கினால் விலை அதிகம். விளைச்சலைக் கொண்டுவந்து கொடுத்தால் விலை குறைவு. கடன் தீராது, கடையை விட்டு வேறு கடைக்குப் போகவும் முடியாது. தலைநகராகிய சான்டா ஃபேயில் இருந்த அரசியல்வாதிகளும் வழக்கறிஞர்களும் அக்கடைக்குப் பின்பலம். மாவட்டக் காவல் தலைவராகிய ஷெரீப் வில்லியம் பிரேடியும் அவர்கள் பக்கமே.

இந்நிலையில் ஜான் டன்ஸ்டால் என்ற ஆங்கில இளைஞர் பொருளீட்ட அங்கு வந்தார். மாட்டுப் பண்ணை தொடங்கினார். அலெக்சாண்டர் மக்ஸ்வீன் என்ற வழக்கறிஞரோடு கூடி 1877இல் லிங்கன் ஊரில் எதிர்க்கடையும் வங்கியும் திறந்தார். ஆயிரக்கணக்கான மாடுகளுக்கு உரிமையாளரான ஜான் சிசம் அவர்களுக்கு ஆதரவு தந்தார். டன்ஸ்டால் தருமம் செய்ய வந்தவர் அல்லர். அவரும் இலாபம் நோக்கியே வந்தார். ஆயினும் பழைய கடையின் தனியாட்சிக்கு அவரால் ஆபத்து நேர்ந்தது. போனி அவர் பண்ணையில் கூலிக்குச் சேர்ந்தான்.

வழக்கு ஒன்றைக் காரணம் காட்டி டன்ஸ்டாலின் சொத்தைக் கைப்பற்ற ஷெரீப் ஆட்களை அனுப்பினார். 1878 பிப்ரவரி 18ஆம் நாள், குதிரைகளை லிங்கனுக்கு ஓட்டிச் சென்றுகொண்டிருந்த டன்ஸ்டாலை அந்த ஆட்கள் சுட்டுக் கொன்றனர். அவருக்கு வயது இருபத்துநான்கு.

இங்கேதான் சட்டத்தின் விந்தையைக் காண்கிறோம். டன்ஸ்டாலின் பணியாட்கள் முதலில் துப்பாக்கியோடு புறப்படவில்லை, நீதிபதியிடம் சென்றனர். ஊர் நீதிபதி ஜான் வில்சன் கொலையாளிகளைப் பிடிக்க ஆணை தந்தார். அவ்வாணையோடு ஒரு குழு புறப்பட்டது. போனியும் அதில் ஒருவன். அப்போது அவன் சட்டத்தின் ஆள். ஆனால் மார்ச் 9ஆம் நாள், ஆளுநர் சாமுவேல் ஆக்ஸ்டெல், வில்சனின் நியமனமே செல்லாது என்று அறிக்கை விட்டார். ஒரு தாளில் இட்ட கையெழுத்தால் நேற்றுவரை சட்டத்தின் காவலராக இருந்தவர்கள் இன்று சட்டத்தின் பகைவராயினர். அவர்களும் தூயவர் அல்லர். தாங்கள் பிடித்த இருவரை வழியிலேயே கொன்றனர். ஏப்ரல் 1ஆம் நாள், மதில் மறைவில் இருந்து சுட்டு ஷெரீப் பிரேடியைத் தெருவில் வீழ்த்தினர். சுட்டவர் பலர். எவர் குண்டு எவரைத் துளைத்தது என்பதை எவராலும் வரையறுக்க இயலவில்லை.

ஜூலை மாதம் லிங்கன் ஊரில் ஐந்து நாள் முற்றுகை நிகழ்ந்தது. கர்னல் நேதன் டட்லி கோட்டைப் படையோடும் பீரங்கியோடும் வந்து நின்றார். நடுநிலை என்று சொல்லிக்கொண்டார். ஆனால் அவர் வந்து நின்ற பிறகே மக்ஸ்வீன் வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. 19ஆம் நாள் இரவு, எரியும் வீட்டிலிருந்து வெளியே வந்த மக்ஸ்வீன் சுட்டுக் கொல்லப்பட்டார். போனி இருளில் ஓடித் தப்பினான். போரில் டோலன் பக்கம் வென்றது. சிசம் தம் மாடுகளைப் பார்த்துக்கொண்டார். கூலிக்காரன் மட்டும் வீடின்றி நின்றான்.

ஆளுநரின் வாக்கு

அமெரிக்கத் தலைவர் ஹேய்ஸ், ஆக்ஸ்டெலை நீக்கிவிட்டு லூ வாலஸ் என்பவரை ஆளுநராக அனுப்பினார். பென்ஹர் என்ற புகழ்பெற்ற நாவலை எழுதியவர் இவரே. அதனைத் தழுவி 1959இல் வந்த திரைப்படம் பதினொரு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. அந்நூலின் இறுதிப் பகுதிகளை அவர் எழுதியது சான்டா ஃபே ஆளுநர் மாளிகையில். அநியாயமாகத் தண்டிக்கப்பட்ட ஓர் இளைஞனின் கதை அது.

வாலஸ் 1878 நவம்பரில் பொது மன்னிப்பு அறிவித்தார். முன்னமே வழக்குப் பதிவானவருக்கு அது பொருந்தாது. போனி மேல் வழக்கு இருந்தது. 1879 பிப்ரவரி 18ஆம் நாள், டன்ஸ்டால் இறந்து சரியாக ஓராண்டு ஆன இரவில், மக்ஸ்வீனின் மனைவிக்காக வழக்காடிய ஹஸ்டன் சாப்மன் என்ற வழக்கறிஞர் லிங்கன் தெருவில் கொல்லப்பட்டார். டோலன் அங்கே இருந்தார். போனியும் அருகில் நின்று பார்த்தான். சாட்சி சொன்னால் தன் மேலுள்ள வழக்குகள் நீங்குமா என்று கேட்டு ஆளுநருக்குக் கடிதம் எழுதினான். மார்ச் 17ஆம் நாள் இரவு, நீதிபதி வில்சன் வீட்டில் இருவரும் சந்தித்தனர். போனி சாட்சி சொல்ல வேண்டும். ஆளுநர் மன்னிப்பு வழங்க வேண்டும். இதுவே உடன்பாடு.

போனி தன் பங்கைச் செய்தான். கைது செய்யப்படுவதுபோல் தன்னை ஒப்படைத்தான். உயிருக்கு அஞ்சாமல் மன்றத்தில் சாட்சி சொன்னான். கர்னல் டட்லி மீதான விசாரணையிலும் சொன்னான். பயன் யாது? டோலன் தண்டிக்கப்படவில்லை. டட்லி குற்றமற்றவர் எனப்பட்டார். அரசு வழக்கறிஞர் ரைனர்சன், போனி மேலிருந்த வழக்கைக் கைவிட மறுத்தார். ஆளுநர் தலையிடவில்லை. ஜூன் மாதத்தில் போனி காவலை விட்டு வெளியேறிக் குதிரையேறிப் போய்விட்டான்.

அதன்பின் அவன் வாழ்க்கை உண்மையாகவே கொள்ளைக்காரனின் வாழ்க்கை. மாடு திருடினான், சூதாடினான், 1880 ஜனவரியில் மதுக்கடையில் ஒருவனைச் சுட்டுக் கொன்றான். அவ்வாண்டின் இறுதியில் செய்தித்தாள்கள் அவனுக்குப் பில்லி தி கிட் என்ற பெயரைப் பரப்பின. பெரும் கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் என்று எழுதின. அவன் தலைக்கு 500 டாலர் பரிசு அறிவித்தவர் அதே வாலஸ்.

இறுதி நாட்கள்

1880 நவம்பரில் பாட் காரெட் என்பவர் ஷெரீப் தேர்தலில் வென்றார். டிசம்பர் 23ஆம் நாள் ஸ்டிங்கிங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில், பனிக்காலக் குளிரில் ஒரு கல்வீட்டை வளைத்து, போனியையும் தோழர்களையும் பிடித்தார். சான்டா ஃபே சிறையிலிருந்து போனி ஆளுநருக்கு மீண்டும் மீண்டும் கடிதம் எழுதினான். விடை வரவில்லை.

1881 ஏப்ரலில் மெசில்லா என்ற ஊரில் வழக்கு நடந்தது. ஷெரீப் பிரேடியைக் கொன்ற குற்றத்திற்காக, மே 13ஆம் நாள் தூக்கிலிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. லிங்கன் மாவட்டப் போரில் இருபுறமும் எத்தனையோ கொலைகள் நிகழ்ந்தன. டன்ஸ்டாலைக் கொன்றவருக்குத் தண்டனை இல்லை. மக்ஸ்வீனைக் கொன்றவருக்கு இல்லை. சாப்மனைக் கொன்றவருக்கும் இல்லை. அந்தப் போரின் பேரால் குற்றவாளி என்று தீர்ப்புப் பெற்றவன் போனி ஒருவனே. பணமும் இல்லை, உறவும் இல்லை, கட்சியும் இல்லை என்ற நிலையில் நின்றவன் அவன் ஒருவன்தான் போலும்!

அவனைச் சிறை வைத்த லிங்கன் நீதிமன்றக் கட்டடம் எது தெரியுமா? மர்ஃபியும் டோலனும் கடை நடத்திய அதே மாளிகை. கடை நொடித்தபின் அரசு அதை வாங்கியிருந்தது. ஏப்ரல் 28ஆம் நாள், காவலர் பாப் ஒலிங்கர் மற்றக் கைதிகளை உணவுக்கு எதிர்ப்புற விடுதிக்கு அழைத்துச் சென்றிருந்த நேரத்தில், போனி மற்றொரு காவலர் ஜேம்ஸ் பெல்லைப் படிக்கட்டில் சுட்டுக் கொன்றான். சத்தம் கேட்டு ஓடிவந்த ஒலிங்கரை அவருடைய துப்பாக்கியாலேயே சன்னலிலிருந்து சுட்டான். ஒலிங்கர் கைதியைக் கொடுமையாக நடத்தியவர் என்பர். பெல் அப்படிப்பட்டவர் அல்லர். அவர் சாவுக்கு எந்தச் சமாதானமும் கூற இயலாது. கால் விலங்கை உடைக்கும் முயற்சியில் நெடுநேரம் அங்கேயே இருந்துவிட்டு, ஊரார் பார்த்துக்கொண்டு நிற்க, குதிரையேறிச் சென்றான்.

மெக்சிகோவுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பான். அவன் போகவில்லை. மொழியும் நட்பும் இருந்த சம்னர் கோட்டை ஊருக்கே திரும்பினான். அங்கே ஒரு காதலும் இருந்தது என்று கூறுவர். ஜூலை 14ஆம் நாள் இரவு, பீட் மேக்ஸ்வெல் என்பவரின் இருண்ட படுக்கையறையில் போனி நுழைந்தான். உள்ளே காரெட் உட்கார்ந்திருப்பதை அறியான். நிழலைக் கண்டு, யார் என்று ஸ்பானிய மொழியில் வினவினான். காரெட் சுட்டார். குண்டு மார்பில் பாய்ந்தது. முன்னரே காரெட்டின் படையால் மாண்ட இரு தோழர்களின் அருகில் அவனைப் புதைத்தனர்.

தகடு காட்டிய இடது கை

இறந்தவன் பேசமாட்டான், மற்றவர் பேசத் தொடங்கினர். கோழைத்தனமாகச் சுட்டார் என்ற பழி நீங்க வேண்டி, காரெட் 1882இல் போனியின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அதில் பெரும்பகுதியை எழுதியவர் ஆஷ் அப்சன் என்ற செய்தியாளர். போனி நியூயார்க்கில் நவம்பர் 23ஆம் நாள் பிறந்தான் என்று அந்நூல் கூறுகிறது. நவம்பர் 23 அப்சனின் சொந்தப் பிறந்தநாள்! பிறப்புக்கே இக்கதி என்றால் மற்றவற்றைப் பற்றி என்ன சொல்ல? இருபத்தொரு வயதில் இருபத்தொரு கொலை என்ற கணக்கும் இவ்வாறு பரவியதே. வரலாற்றாசிரியர் ஆராய்ந்த அளவில், அவன் தனியே கொன்றவர் நால்வர். மற்றவரோடு சேர்ந்து சுட்டதில் இறந்தவரையும் கூட்டினால் ஏறக்குறைய ஒன்பது. ஒன்பதும் குறைவன்று, ஆனால் இருபத்தொன்று அன்று.

அறிவியல் மாணவருக்கு உவப்பான செய்தி ஒன்றும் உண்டு. போனியின் உருவம் என்று ஐயமின்றி ஏற்கப்பட்டது ஒரே ஒரு நிழற்படம். சம்னர் கோட்டையில் 1880ஐ ஒட்டி எடுக்கப்பட்டது. அதில் கைத்துப்பாக்கி இடுப்பின் இடப்புறம் தொங்குகிறது. ஆகவே அவன் இடக்கையன் என்று உலகம் நம்பியது. பால் நியூமன் அவனாக நடித்து 1958இல் வெளிவந்த படத்தின் பெயரே இடக்கைத் துப்பாக்கியைக் குறிப்பதுதான்.

உண்மை யாதெனில், அது டின்டைப் எனப்படும் இரும்புத் தகட்டுப் படம். கறுப்பு மெருகிட்ட மெல்லிய தகட்டின் மேல் ஒளியுணரும் பூச்சைத் தடவி, அதை அப்படியே படப்பெட்டிக்குள் வைப்பர். ஆடி வழியே வரும் உருவம் நேரே தகட்டில் விழும். எதிர்ப்படி எடுத்து மீண்டும் தாளில் அச்சிடும் வழக்கம் இதில் இல்லை. ஆகையால் இட வலம் திரும்பியே நிற்கும். கண்ணாடியில் நம் முகத்தைப் பார்ப்பது போல. அப்படத்தில் அவன் ஒரு வின்செஸ்டர் துப்பாக்கியைப் பிடித்து நிற்கிறான். 1873ஆம் ஆண்டு அமைப்பைச் சேர்ந்த அத்துப்பாக்கியில் தோட்டா இடும் வாயில் வலப்பக்கம் இருக்கும். படத்தில் அது இடப்பக்கம் தெரிகிறது. படத்தைத் திருப்பிப் பார்த்தால் வாயிலும் வலப்பக்கம் வருகிறது. கைத்துப்பாக்கியும் வலப்பக்கம் வருகிறது. ஒரு சிறு இரும்பு வாயிலை உற்று நோக்கியிருந்தால் போதும். இடக்கையன் என்ற கதை தோன்றியே இராது. உற்று நோக்குவோர் பல்லாண்டுக் காலம் இல்லை.

நண்பர்களே! போனியை வீரனாக்குதல் என் நோக்கமன்று. பெல்லின் குருதி அவன் கையில் இருந்தது. ஆயினும் அவனைக் கொடியவன் என்று சொன்ன ஏடும், நல்லவன் என்று காட்டிய படமும் ஒரே தவறைச் செய்தன. இரண்டும் துப்பாக்கி பிடித்த சிறுவனையே பார்த்தன; அவனைச் சுற்றியிருந்த கடைக் கணக்கையும், குத்தகையையும், ஆளுநரின் கையெழுத்தையும் பாராமல் விட்டன.

வாலஸ் தந்த வாக்கு 2010இல் மீண்டும் பேச்சுக்கு வந்தது. பதவி விட்டு இறங்கவிருந்த நியூ மெக்சிகோ ஆளுநர் பில் ரிச்சர்ட்சன், போனிக்கு மன்னிப்பு வழங்கலாமா என்று ஆராய்ந்து, டிசம்பர் 31ஆம் நாள் மறுத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து, 2011 ஜூனில், அந்த இரும்புத் தகட்டுப் படம் டென்வர் நகரில் ஏலத்திற்கு வந்தது. இருபத்துமூன்று இலட்சம் டாலருக்கு விலை போயிற்று. உயிரோடு இருந்தபோது அவன் தலைக்கு வைத்த விலை 500 டாலர். மன்னிப்புக் கேட்டு அவன் எழுதிய கடிதங்களுக்கு மட்டும் இன்றுவரை விடை வரவில்லை.